சிமுலேட்டரில் தெரியும் இடிமேகத்தை எவ்வளவு நம்பலாம்?

வீட்டுச் சிமுலேட்டரில் ஒரு 737-ஐ இடிமேகத்துக்குள் ஓட்டி, நாலு மின்னலைப் பார்த்துவிட்டு, மறுபக்கம் பத்திரமாக வெளியே வந்துவிடலாம். பொழுதுபோக்குக்கு அது போதும். விமானப் பயிற்சியில் இருக்கும் மாணவர்களும் மாலை வேளையில் இதையே செய்து கை பழகுவதுதான் கவலைக்குரியது. திரையில் தெரிவது மேகத்தின் உருவம். அந்த உருவத்தோடு காற்றும் ஆலங்கட்டியும் உறைபனியும் ரேடார் நிழலும் சேர்ந்து வருகின்றனவா என்பது மென்பொருளைப் பொறுத்தது. பெரும்பாலும் பாதிதான் வரும்.

2006-இல் வந்த ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸில் மேகம் என்பது நம்மை நோக்கித் திரும்பி நிற்கும் தட்டையான படங்களின் குவியல். பக்கத்தில் போனால் படங்கள் சுழல்வது கண்ணுக்கே தெரியும், யாரும் ஏமாறவில்லை. 2020-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரும், எக்ஸ்-பிளேன் 12-ம் மேகத்தைக் கன அளவுள்ள பொருளாகவே கணக்கிடுகின்றன. ஒளி உள்ளே நுழைந்து மங்குவது, அடிப்பகுதி கறுப்பது எல்லாம் கச்சிதம். பார்வைக்கு இவ்வளவு அசலாக இருப்பதால்தான் மற்றதும் அசல் என்று மனம் நம்பிவிடுகிறது.

நேரலை வானிலையை இயக்கினால் சரியாகிவிடும் என்று சொல்வோர் உண்டு. சாதாரண இடிமேகக் கூறு ஒன்றின் அகலம் 5 முதல் 10 கி.மீ., ஆயுள் அரை மணியிலிருந்து ஒரு மணி. அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் என்ற வானிலைக் கணிப்பு மாதிரி பொதுவில் தரும் மிக நுண்ணிய கட்டமே 0.25 பாகை, அதாவது ஏறக்குறைய 28 கி.மீ. ஒரு முழு இடிமேகம் ஒரே கட்டத்துக்குள் ஒளிந்துவிடும். மேகம் எங்கே நிற்கிறது, என்ன வடிவம் என்பதை மென்பொருள் தானாக இட்டுக்கட்ட வேண்டியதுதான். விமான நிலையங்கள் தரும் சுருக்கமான வானிலைக் குறிப்பான மெட்டார் அறிக்கையும் இங்கே கைகொடுக்காது. சென்னை மெட்டாரில் “பியூ 030 சிபி” என்று வந்தால், 3,000 அடியில் அடித்தளம் கொண்ட இடிமேகம், வானத்தின் எட்டில் ஒன்றிரண்டு பங்கு என்று பொருள். உச்சி எவ்வளவு உயரம் என்ற தகவல் மெட்டாரில் கிடையாது. “பியூ” என்பதை மட்டும் படித்த மென்பொருள், 50,000 அடிக் கோபுரம் நிற்க வேண்டிய இடத்தில் பஞ்சுப் பொதி இரண்டை மிதக்கவிடும். ஆகவே இன்று மாலை நிஜமாகப் பறக்கலாமா என்று முடிவு செய்ய சிமுலேட்டரின் நேரலை வானத்தை ஒருபோதும் பார்க்காதீர்கள்.

பயிற்சிக்கு, கையால் அமைப்பதே நல்லது. ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னையில் மாலையில் வரும் இடிமழையை எடுத்துக்கொள்வோம். பகலெல்லாம் காய்ந்த உள்நிலத்தில், கடல்காற்று முட்டும் இடத்தில் மேகம் எழும்பி, மேலடுக்கு மேற்குக் காற்றில் கடற்கரை நோக்கி நகர்ந்து வரும். தரையில் வெப்பநிலை 34, பனிநிலை (காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து நீராகும் வெப்பநிலை) 26 பாகை என்று வைத்தால், வித்தியாசமான 8-ஐ 400-ஆல் பெருக்குங்கள், 3,200 அடி. அதுதான் அடித்தளம். மென்பொருள் தரும் வெப்பநிலையை மாற்றாமல் அப்படியே விட்டுவிடுவதுதான் பலரும் தவறவிடும் இடம். உலகத் தர வளிமண்டலப்படி தரையில் 15 பாகை இருந்தால் உறைநிலை 7,500 அடிக்கு இறங்கிவிடும். சென்னையில் அது 16,000 அடியை ஒட்டி இருக்கும். இதைத் திருத்தாவிட்டால் இறக்கையில் பனி பிடிப்பது முற்றிலும் தவறான உயரத்தில் நடக்கும்.

மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் “ஸ்டார்ம்” என்ற தயார் அமைப்பைத் தொடாதீர்கள். அது வானம் முழுக்கச் சாம்பல் மூடி போட்டுவிடும். சுற்றிப் போக வழியே இல்லாத இடத்தில் சுற்றிப் போகும் பயிற்சி எப்படி நடக்கும்? தனிப்பயன் அமைப்பில் மூன்று மேக அடுக்குகள் உண்டு. முதல் அடுக்கின் அடித்தளம் 3,200 அடி, உச்சியை இழுக்க முடிந்தவரை மேலே இழுங்கள், பரவல் 15 முதல் 25 சதவீதம் மட்டும், அடர்த்தி அதிகம். இரண்டாவது அடுக்கு 40,000 அடிக்கு மேல், மெல்லியதாக, பரவல் அதிகமாக. இது இடிமேகத்தின் உச்சியில் பட்டடைபோல் தட்டையாகப் பரவும் தலைக்காக. மூன்றாவதைக் காலியாக விடலாம். எக்ஸ்-பிளேன் 12-இல் மேக வகையிலேயே கியூமுலோநிம்பஸ் இருப்பதால் வேலை குறைவு. அங்கும் பரவலை அடக்கியே வையுங்கள். மேகத் தரத்தைக் குறைந்த அளவில் வைத்தால் பட்டடையின் நார்நாரான விளிம்பு மறைந்து வெறும் மூட்டமாகிவிடும். கிராபிக்ஸ் கார்டு தாங்கும் அளவுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.

இனி காற்று. மென்பொருள் பெரும்பாலும் தானாகச் செய்யாதது இதுதான். கடல்காற்று 100 பாகையிலிருந்து 12 நாட் வீசும்போது மீனம்பாக்கத்தில் ஓடுபாதை 07-இல் இறங்குவீர்கள். எதிர்க்காற்று சுமார் 10 நாட். குன்றத்தூர்ப் பக்கமிருந்து வரும் இடிமேகத்தின் குளிர்காற்று முதுகில் மோதினால் 270 பாகையிலிருந்து 30 நாட். அதாவது 28 நாட் பின்காற்று. கூட்டினால் 38 நாட் வேகம் கையைவிட்டுப் போகிறது. அணுகு வேகமே 140 நாட் அளவில் உள்ள விமானத்துக்கு இது உயிர்ப் பிரச்சினை. பயிற்சியாளரோ நண்பரோ பக்கத்தில் உட்கார்ந்து, 800 அடியில் காற்றையும் அழுத்தத்தையும் கையால் மாற்ற வேண்டும்; வெப்பநிலையை 25-க்கு இறக்க வேண்டும். டல்லாஸில் 1985 ஆகஸ்ட் 2 அன்று டெல்டா 191 விமானம் சிக்கிய மைக்ரோபர்ஸ்ட்டும் (மேகத்திலிருந்து திடீரெனக் கொட்டித் தரையில் சிதறும் காற்று) அணுகு பாதையில்தான் காத்திருந்தது. 137 பேர் மாண்டனர்.

மேகத்துக்குள் உண்மையிலேயே காற்று இருக்கிறதா என்று சோதிக்க ஒரு வழி: தானியங்கியை அணைத்து, மூக்கின் கோணத்தையும் எஞ்சின் விசையையும் மாற்றாமல் உள்ளே போங்கள். ஏற்ற இறக்க முள் மேலும் கீழும் சில நூறு அடி துடித்துவிட்டு, வெளியே வரும்போது பழைய உயரத்திலேயே இருந்தால், அது வெறும் குலுக்கல். முதிர்ந்த இடிமேகத்தில் மேலெழும் காற்றும் கீழிறங்கும் காற்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். நிமிடத்துக்குப் பல ஆயிரம் அடி ஏற்றும், அடுத்த நொடிகளில் இறக்கும். 1946-47-இல் அமெரிக்காவில் பி-61 விமானங்களை வேண்டுமென்றே இடிமேகங்களுக்குள் அனுப்பி இதை அளந்தே சொல்லிவிட்டார்கள்.

ரேடாருக்கு வருவோம். விமானத்தின் ரேடார் கற்றையை மேலும் கீழும் சாய்க்கலாம்; 60 கடல் மைல் தொலைவில் ஒரு பாகை சாய்வு என்பது 6,000 அடி உயரம். தொலைவு, பாகை, நூறு மூன்றையும் பெருக்கினால் அடிக்கணக்கு வந்துவிடும். சிமுலேட்டரில் சாய்வை இரண்டு பாகை உயர்த்தியும் படம் மாறவில்லையென்றால், உங்களிடம் இருப்பது ரேடார் அல்ல. மேலிருந்து பார்த்த மழை வரைபடம். சாய்வு வேலை செய்தால் ஒரு கணக்கு போடலாம். 36,000 அடியில் பறக்கிறீர்கள். 40 மைலில் உள்ள மழையின் எதிரொலி, சாய்வு 2.75 பாகை வந்ததும் மறைகிறது. கற்றையின் அகலம் 3.5 பாகை என்றால் பாதியைக் கழியுங்கள், கற்றையின் கீழ்விளிம்பு ஒரு பாகை, 4,000 அடி. ஆக எதிரொலியின் உச்சி 40,000 அடி. மேகத்தின் உச்சி அதற்கும் மேலே. மேற்பகுதியிலுள்ள பனிப்படிகம் ரேடாருக்குச் சரியாகத் தெரியாது.

இன்னொன்று நிழல். முன்னால் உள்ள கனமழை கற்றையை விழுங்கிவிட்டால் பின்னால் உள்ள மேகம் கறுப்பாக, வெறுமையாகத் தெரியும். 1977 ஏப்ரல் 4 அன்று ஜார்ஜியாவில் சதர்ன் ஏர்வேஸ் 242 அப்படித் தெரிந்த “இடைவெளி”யை நோக்கிப் போய், மழையும் ஆலங்கட்டியும் விழுங்கி இரண்டு எஞ்சினையும் இழந்தது. பல சிமுலேட்டர் ரேடார்கள் இந்த நிழலைக் காட்டுவதே இல்லை. சிவப்புக்குப் பின்னால் கறுப்பு இருந்தால் அது வழி அல்ல என்பதை நீங்களாகவே விதியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்க விமானத் துறையின் அறிவுரைப்படி, கடுமையான இடிமேகத்திலிருந்து குறைந்தது 20 மைல் விலக வேண்டும். மேலே தாண்டுவதானால் உச்சியில் வீசும் காற்றின் ஒவ்வொரு 10 நாட்டுக்கும் 1,000 அடி இடைவெளி. 41,000 அடிக்கு மேல் ஏறாத 737-இல், வெப்பமண்டல இடிமேகத்தின் தலைமேல் போகும் பேச்சுக்கே இடமில்லை. ரேடார் இல்லாத சிறு விமானத்தில் 5,000 அடியில் பறக்கும்போது, 50,000 அடி மேகத்தின் உச்சி 20 மைலில் அடிவானத்துக்கு மேலே சுமார் 20 பாகை நிற்கும்: நீட்டிய கையில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூடிய கைமுட்டி உயரம். அதைவிட உயரமாகத் தெரிந்தால் நெருங்கிவிட்டீர்கள். சாதாரணத் திரையில் இந்த அளவு ஜூம் அமைப்பைப் பொறுத்து மாறிவிடும். விஆர் கண்ணாடியில்தான் ஏறக்குறைய சரியாக வரும்.