தூண்டில் கம்புக்கு எபாக்சி பூசுகிறீர்களா? முதலில் கையுறையைப் போடுங்கள்

கையால் தூண்டில் கம்பு செய்கிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, "கண்ணாடி மாதிரி வழவழப்பு வர என்ன பூசுவது?" என்பதுதான். எந்த பிராண்டு, எத்தனை கோட், எந்த பிரஷ் என்று பேச்சு நீளும். சரி, பூசும்போது கையில் என்ன போட்டுக்கொள்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால் பலரும் யோசிக்கிறார்கள். வெறுங்கைதான்.

கம்பில் தூண்டில் நரம்பு ஓடும் வளையங்களைப் பிடித்து வைக்கும் நூல் கட்டின் மேல் நாம் பூசுவது பெரும்பாலும் எபாக்சி. ரெசின் என்கிற பிசின் ஒரு புட்டி, அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் ஒரு புட்டி. இரண்டும் கலந்து முழுதாக இறுகிய பிறகு அதனால் தொல்லை இல்லை. இறுகும் வரை கதை வேறு. பச்சையாக இருக்கும் ரெசினும் ஹார்ட்னரும் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமையைக் கிளப்பிவிடக்கூடியவை. இதில் பெரிய ஆபத்தே, ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது என்பதுதான். மாதக்கணக்கில் கையில் வழிய வழிய வேலை செய்துவிட்டு "எனக்கெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று சொல்லியிருப்பார்கள். திடீரென்று விரல் இடுக்கில் அரிப்பு, மணிக்கட்டில் சின்னக் கொப்புளம், கண் இமையில் வீக்கம். உடம்புக்கு ஒருமுறை அப்படி ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க மாறாது. அப்புறம் ஒரு துளி பட்டாலே போதும். அருமையாக நூல் கட்டும் ஒருவர் இதனாலேயே இந்த வேலையை விட்டு விலகியதைப் பார்த்திருக்கிறேன். கையுறை போட்டிருந்தால் அவர் இன்றும் கட்டிக்கொண்டிருப்பார்.

இதைச் சொன்னால், பாதுகாப்பு என்பது வேலையைத் தாமதப்படுத்தும் தனிச் சுமை என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில், பூச்சைக் கெடுக்கும் பழக்கங்களும் உடம்பைக் கெடுக்கும் பழக்கங்களும் ஏறக்குறைய ஒன்றேதான்.

விரலையே எடுத்துக்கொள்ளுங்கள். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை நூலில் பட்ட இடத்தில் எபாக்சி பரவாமல் விலகிப்போய்க் குழி விழும். சிலிகான் கலந்த பாலிஷோ ஸ்ப்ரேயோ பட்ட கை என்றால் இன்னும் மோசம். எத்தனை கோட் போட்டாலும் அந்தக் குழி மறையாது. பவுடர் இல்லாத நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறை கம்பையும் காப்பாற்றும், கையையும் காப்பாற்றும். எபாக்சி பட்டதும் அதைக் கழற்றி வேறு போடுங்கள். பிசினைத் துடைக்கப் பயன்படுத்தும் அசிட்டோன் நைட்ரைலுக்குள் சீக்கிரம் ஊடுருவிவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும். தோலில் பட்டுவிட்டால் தின்னர், அசிட்டோன் போட்டுத் துடைக்கவே கூடாது. அது தோலின் காப்பைக் கரைத்து ரசாயனத்தை உள்ளே அனுப்பிவைக்கிற வேலை. சோப்பும் தண்ணீரும் போதும்.

அடுத்தது அளவு. நூல் கட்டுக்கான எபாக்சி பெரும்பாலும் கன அளவில் ஒன்றுக்கு ஒன்று; சில வகைகளில் மாறும், புட்டியில் போட்டிருப்பதைப் படித்துவிடுங்கள். ரெசினுக்கு ஒரு சிரிஞ்சு, ஹார்ட்னருக்கு ஒரு சிரிஞ்சு, இரண்டிலும் அடையாளம். கப்பின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்து 3 நிமிடமாவது மெதுவாகக் கலக்க வேண்டும். ஹார்ட்னரைக் கொஞ்சம் தாராளமாக விட்டால் சீக்கிரம் காயும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. தவறு. மிஞ்சிய ஹார்ட்னர் சேர இணை இல்லாமல் அப்படியே தங்கிவிடும், பூச்சு பிசுபிசுக்கும். அந்தப் பிசுபிசுப்பு வெறும் அழகுக் குறை இல்லை. இறுகாத ரசாயனத்தை நம்மிடம் கம்பு வாங்கியவர் கையில் கொடுக்கிறோம்.

கலந்ததைக் கப்பிலேயே வைக்காமல் அலுமினியத் தாளில் மெல்லியதாக ஊற்றிவிடுங்கள். குமிழிகள் தானாக மேலே வந்து உடையும், வேலை செய்ய நேரமும் கூடுதலாகக் கிடைக்கும். குவியலாகக் கிடந்தால் எபாக்சி தன் சூட்டிலேயே சூடேறும். அதிகமாக இருந்தால் கப்பே புகையும். கம்பில் மிஞ்சிய குமிழிக்கு ஸ்பிரிட் விளக்கின் சுடரைச் சற்றுத் தள்ளி ஒரு நொடி காட்டினால் போதும். அதற்கு முன் அசிட்டோன் புட்டியை அறையை விட்டே வெளியே வையுங்கள். வாயால் ஊதிக் குமிழி உடைக்கிறவர்களும் உண்டு. மூச்சின் ஈரம் பூச்சுக்கு ஆகாது, அத்தனை கிட்டத்தில் முகத்தைக் கொண்டுபோவது உங்களுக்கும் ஆகாது.

ஒரே தடவை தடிமனாகப் பூசினால் நடுவில் புடைத்து நிற்கும். இரண்டு மெல்லிய கோட்டே அழகு. மோட்டாரில் நிமிடத்துக்கு 10, 15 சுற்று என்று மெதுவாகச் சுழலவிட்டால் வழியாது. கோட்டுக்கு நடுவே தேய்க்க வேண்டியிருந்தால் 400 அல்லது 600 நம்பர் உப்புத்தாளை நனைத்துத் தேயுங்கள். அரைகுறையாக இறுகிய எபாக்சியைத் தேய்த்தால் உப்புத்தாள் அடைத்துக்கொள்ளும். அந்தத் தூளும் ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியதுதான். இங்கே பெரிய குழப்பம் ஒன்று உண்டு: என்95 மாஸ்க் தூளைத்தான் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. ஆவிக்குக் கரிம ஆவி வடிகட்டி பொருத்திய முகமூடியும் காற்றோட்டமும் வேண்டும். ஹார்ட்னர் சேர்க்கும் இரு பாக பாலியூரித்தேன் பூச்சில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கும், அது ஆஸ்துமாவை வரவழைக்கும். அதை வீட்டில் ஸ்ப்ரே செய்யாதீர்கள்.

மூங்கில் கம்புக்கு ஸ்பார் வார்னிஷ்தான் என் விருப்பம். வெயிலையும் வளைவையும் தாங்கும். குழாயில் வார்னிஷ் நிரப்பிக் கம்பை முக்கி மெதுவாக மேலே இழுக்கும் முறையில் பிரஷ் கோடே விழாது. தூசிதான் எதிரி, தரையை ஈரமாகத் துடைத்துவிட்டு ஃபேனை நிறுத்துங்கள். ஆனால் ஆளி விதை எண்ணெய், டங் எண்ணெய், எண்ணெய் வார்னிஷ் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடவே போடாதீர்கள். எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூடு பிறக்கும், சுருட்டிய துணிக்குள் அது தப்ப வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே ஒற்றையாக விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீரில் முக்கி வையுங்கள்.

எபாக்சி ஒரு நாளில் தொடும் பதத்துக்கு வந்தாலும், உள்ளே முழுதாக இறுகப் பல நாள் பிடிக்கும். நான் ஒரு வாரம் கழித்துத்தான் கம்பைக் கொடுப்பேன், அவசரப்படுத்தினாலும் சரி. கொடுக்கும்போது கார்பன் கம்பு என்றால் ஒன்றைச் சொல்லியே அனுப்புவேன்: கார்பனில் மின்சாரம் பாயும், மேலே நாம் போட்ட பூச்சு எத்தனை வழவழப்பாக இருந்தாலும் அதைத் தடுக்காது. மின்கம்பிக்கு அடியில் கம்பை வீசாதீர்கள், இடி கேட்டதும் கீழே வைத்துவிட்டு ஒதுங்குங்கள்.