கவுன்சிலில் இருந்து ஆள் வரும்போது “ஒரு கரைச்சலும் இல்லை” என்று சொல்லாதீர்கள்

இங்கிலாந்தில் ஒரு கவுன்சிலின், அதாவது உள்ளூராட்சி மன்றத்தின், முதியோர் பிரிவில் சோஷல் வொர்க்கராக வேலை செய்கிறேன். பராமரிப்பு உதவி தேவையா என்று பார்க்கும் மதிப்பீட்டுக்குத் தமிழ் வீடுகளுக்குப் போனால் பெரும்பாலும் ஒரே பதில்தான்.

“குளிக்கிறதுக்கு ஏதும் கஷ்டமா அம்மா?”

“இல்லைப் பிள்ளை, எல்லாம் நானே செய்வன்.”

“சமையல்?”

“மகள் பாக்கிறா. ஒரு கரைச்சலும் இல்லை.”

பக்கத்தில் நிற்கும் மகளின் முகத்தைப் பார்த்தாலே கரைச்சல் இருப்பது தெரியும். ஆனால் தாய் சொன்னதை வந்தவர் முன்னால் மறுத்துப் பேச அவருக்கு வாய் வராது. இதே பதிலைத் தமிழ் தெரியாத ஓர் அலுவலர் கேட்டால் அப்படியே எழுதிக்கொண்டு போய்விடுவார். உதவி தேவையில்லை என்று கோப்பும் மூடப்படும்.

1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையில் இருந்து இங்கே வந்து, இரவு பகலாக வேலை செய்து பிள்ளைகளை ஆளாக்கியவர்களில் பலர் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள். லண்டனில் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் அவர்கள் வாழும் வீடுகளில் கவுன்சில் உதவி என்றாலே ஒரு தயக்கம் இருக்கிறது. பிள்ளைகள் பார்க்கவில்லை என்று ஊர் நினைக்குமே என்ற கூச்சமும், வீட்டைப் பறித்துவிடுவார்கள் என்ற பயமும் அதற்குக் காரணம். கூச்சத்தை நான் மதிக்கிறேன். பயத்துக்கு மட்டும் ஆதாரம் குறைவு. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்த மதிப்பீடு என்ன என்று பார்ப்போம். 2014-ஆம் ஆண்டின் கேர் ஆக்ட் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி, பராமரிப்பு தேவைப்படலாம் என்று தோன்றும் எந்த வயதுவந்தவரையும் கவுன்சில் மதிப்பீடு செய்தே ஆகவேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதும் அந்தக் கட்டத்தில் பொருட்டல்ல. சாப்பாடு, உடல் சுத்தம், மலசலகூடம் போவது, உடுப்பு மாற்றுவது, வீட்டுக்குள் ஆபத்தில்லாமல் நடமாடுவது, உறவுகளோடு தொடர்பு வைத்திருப்பது, வெளியே போய்வருவது என்று பத்து விஷயங்களைப் பார்ப்பார்கள். நோயாலோ உடல், மனக் குறைபாட்டாலோ அவற்றில் இரண்டையாவது செய்ய முடியாமல் போய், அதனால் வாழ்க்கை கணிசமாகப் பாதிக்கப்பட்டால் உதவிக்குத் தகுதி உண்டு.

இதில் எங்கள் ஆட்கள் தவறவிடும் இடம் ஒன்று இருக்கிறது. ‘முடியாது’ என்றால் அறவே முடியாது என்று சட்டம் சொல்லவில்லை. இன்னொருவர் உதவினால்தான் முடிகிறது என்றால் அது முடியாததாகவே கணக்கு. வலியோடு, மனவேதனையோடு செய்தாலும், விழுந்துவிடும் ஆபத்தோடு செய்தாலும், வழக்கத்தைவிட மிக அதிக நேரம் எடுத்தாலும் அப்படித்தான். அடுத்தது, மகளோ மருமகளோ இப்போது செய்துகொடுக்கும் உதவியை ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் தேவையைக் கணக்கிட வேண்டும். ஆகவே ‘மகள் பார்க்கிறா’ என்பது கேள்விக்குப் பதிலே இல்லை. மகள் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதைத்தான் சொல்லவேண்டும்.

அதனால்தான் நான் வாயால் கேட்பதோடு நிறுத்துவதில்லை. “குளியலறையைக் காட்டுங்கோ அம்மா” என்பேன். ஒரு வீட்டில் அப்படிப் போய்ப் பார்த்தபோது தொட்டிக்குள் ஒரு வாளியும் கோப்பையும் இருந்தன. தொட்டி விளிம்பு அவரது முழங்காலுக்கு மேலே. எப்படி உள்ளே இறங்குவீர்கள் என்று கேட்டேன். துவாய் போடும் கம்பியைப் பிடித்துக் காட்டினார். கம்பி சுவரில் இருந்து பாதி கழன்று ஆடியது. மற்றக் காலை மகள்தான் தூக்கி உள்ளே வைக்கவேண்டுமாம், அதுவும் அவர் வேலைக்குப் போகாத நாளில் மட்டும். மற்ற நாட்களில் ஈரத்துணியால் துடைத்துக்கொள்வாராம். ‘எல்லாம் நானே செய்வன்’ என்றதன் உள்ளடக்கம் இவ்வளவுதான். பிடிகம்பி, தொட்டிக்குள் உட்காரும் பலகை போன்ற துணைச் சாதனங்களும் சிறு மாற்றங்களும் 1,000 பவுண்ட் வரை இலவசம் என்பதே அந்த வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

மொழி விஷயத்துக்கு வருகிறேன். சந்திப்பு நாள் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். மகனோ பேத்தியோ மொழிபெயர்க்கலாம்தானே என்று நினைப்பீர்கள். வேண்டாம். இரவில் படுக்கை நனைகிறது என்பதை எந்தத் தாயும் மகன் முன்னால் சொல்லமாட்டார். வீட்டுக்குள்ளேயே யாராவது கைநீட்டுகிறார்கள், பென்ஷன் காசை எடுத்துக்கொள்கிறார்கள் என்றால் அந்த வீட்டு ஆளை வைத்து அதைச் சொல்ல வழியே இல்லை. முதியவருக்கு இந்த நடைமுறையைப் புரிந்து பங்குகொள்வதில் பெரும் சிரமம் இருந்து, துணைநிற்கப் பொருத்தமான வேறு யாரும் இல்லாவிட்டால், அவர் சார்பில் பேசச் சுயாதீனமான ஒருவரைக் கவுன்சில் ஏற்பாடு செய்யவேண்டும். 67-ஆம் பிரிவு அதற்காகவே இருக்கிறது.

மறதி நோய் வந்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பின்னாளில் கற்ற ஆங்கிலம் முதலில் நழுவிப்போய், தாய்மொழி மட்டும் மிஞ்சுவதுண்டு. நாற்பது வருடம் இங்கே வேலை செய்தவர்தானே என்று ஆங்கிலத்தில் கேள்வி கேட்டு ஞாபகசக்தியை அளந்தால் நோயையும் மொழியையும் பிரிக்கமுடியாது. பல மொழி, பண்பாட்டு மக்களுக்காகவே சிட்னியில் உருவாக்கப்பட்ட ‘ரூடாஸ்’ போன்ற பரிசோதனைகள் இருக்கின்றன. ஞாபகசக்தி கிளினிக்கில் அதைப் பற்றித் தயங்காமல் கேளுங்கள்.

சரி, தகுதி கிடைத்து, வீட்டுக்கு வந்து பராமரிக்கும் பணியாளரான கேரர் வரத்தொடங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த சிக்கல் அங்கேதான். கேரர் வீட்டில் எழுதிவைக்கும் பதிவுகளைப் புரட்டினால் ‘குளிக்க மறுத்தார்’, ‘சாப்பாட்டை மறுத்தார்’ என்று நாள்தோறும் இருக்கும். ஏன் மறுத்தார் என்று இருக்காது. விடியக் குளித்துச் சாமி கும்பிட்டபின்தான் தேத்தண்ணியே குடிப்பவருக்குப் பதினொரு மணிக்குக் கேரர் வந்தால் எப்படி? வந்தவர் ஆண் என்றால்? வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடாதவருக்கு மீன் சாண்ட்விச்சை நீட்டினால்? இந்த ‘மறுத்தார்’கள் சேர்ந்துகொண்டே போனால் இவருக்குச் சேவை தேவையில்லை என்று மறுஆய்வில் நேரத்தைக் குறைத்துவிடும் ஆபத்து இருக்கிறது. எனக்கு இந்த வேலையில் மிகவும் கோபம் வருவது அந்த இடத்தில்தான்.

ஆகவே பராமரிப்புத் திட்டத்தை எழுதும்போதே பெண் கேரர்தான் வேண்டும், இத்தனை மணிக்குக் குளிக்கவேண்டும், எந்த நாளில் மரக்கறி மட்டும், சாமியறைக்குள் சப்பாத்தோடு போகக்கூடாது என்பதையெல்லாம் எழுதச் சொல்லுங்கள். இவை சலுகைகள் அல்ல. ஒருவரின் கண்ணியமும் அன்றாட வாழ்வின் மீது அவருக்குள்ள கட்டுப்பாடும் நலவாழ்வின் பகுதி என்று சட்டத்தின் முதல் பிரிவே சொல்கிறது. எழுதிய எல்லாம் அப்படியே நடக்கும் என்று நான் வாக்குத் தரமுடியாது. எழுதாதது நடக்காது என்று மட்டும் தெரியும்.

தமிழ் பேசும் கேரர் கிடைக்கவில்லையா? டைரக்ட் பேமென்ட் கேளுங்கள். சேவைக்குப் பதிலாகப் பணத்தையே கவுன்சில் தரும், ஆளை நீங்களே அமர்த்தலாம். ஒரே வீட்டில் வாழும் நெருங்கிய உறவினரைப் பொதுவாக அமர்த்தமுடியாது, வேறு வீட்டில் இருக்கும் உறவினரை அமர்த்தலாம். நீங்கள் முதலாளி ஆவதால் சம்பளக் கணக்கு, காப்புறுதி என்று கொஞ்சம் வேலை இருக்கிறது. அதற்கு என்ன ஆதரவு கிடைக்கும் என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

இனி அந்த வீட்டுப் பயம். சொந்த வீட்டில் இருந்துகொண்டே பராமரிப்புப் பெற்றால் அந்த வீட்டின் பெறுமதி கணக்கில் வராது. சேமிப்பு 23,250 பவுண்டைத் தாண்டினால் செலவை நீங்களே ஏற்கவேண்டும். 14,250-க்குக் கீழே என்றால் சேமிப்பைத் தொடமாட்டார்கள், வருமானத்தை மட்டும் பார்ப்பார்கள். நிரந்தரமாகப் பராமரிப்பு இல்லத்துக்குப் போகும்போதுதான் வீடு கணக்கில் வரலாம், அப்போதும் கணவனோ மனைவியோ அங்கே வாழ்ந்தால் வராது. அப்புறம், பென்ஷன் வயதைத் தாண்டியவர்களுக்கான அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்ற அரச உதவித்தொகை சேமிப்பையோ வருமானத்தையோ பார்க்காமல் கிடைப்பது. 2025-26-இல் வாரத்துக்கு 73.90 அல்லது 110.40 பவுண்ட். பிள்ளைகளின் பொறுப்பில் விசாவில் வந்த பெற்றோர் மட்டும் விண்ணப்பிக்குமுன் குடிவரவு ஆலோசகரைக் கேட்பது நல்லது.

மகளுக்கும் ஒரு வார்த்தை. பராமரிக்கும் உங்களுக்கும் 10-ஆம் பிரிவின் கீழ் தனி மதிப்பீட்டுக்கு உரிமை உண்டு. அம்மாவோடு ஒரே வீட்டில் இருக்கவேண்டும் என்பதில்லை. அந்தச் சந்திப்பில் உங்கள் நித்திரையைப் பற்றி, வேலையைப் பற்றி, முதுகு வலியைப் பற்றிப் பேசுங்கள். அம்மா பக்கத்து அறையில் இருக்கட்டும்.

தகுதியில்லை என்று கவுன்சில் சொன்னால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். அந்தக் கடிதத்தை வைத்து முதலில் கவுன்சிலிலேயே முறைப்பாடு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் முறைப்பாடுகளைச் சுயாதீனமாக விசாரிக்கும் உள்ளூராட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஒம்பட்ஸ்மனிடம் போகலாம். அதற்கும் கட்டணம் இல்லை. ஆனால் பிரச்சினை உங்களுக்குத் தெரியவந்து பொதுவாகப் பன்னிரண்டு மாதத்துக்குள் போகவேண்டும் என்பதால் கடிதம் வந்த திகதியைக் குறித்துவையுங்கள்.