காணாமல் போன பெஸ்ஸி: மாட்டுக் கணக்குகள் நிரல் எழுதக் கற்றுத்தரும் விதம்

பண்ணையின் குறுக்கே ஒரே ஒரு நீண்ட பாதை. நல்ல இருட்டு. விவசாயி ஜான் அந்தப் பாதையில் 3 என்ற இடத்தில் நிற்கிறார். அவருடைய செல்ல மாடு பெஸ்ஸி 6-ல் நிற்கிறது. மாடு இந்தப் பாதையில்தான் எங்கேயோ இருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியும். வலப்பக்கமா இடப்பக்கமா, எவ்வளவு தூரம், எதுவும் தெரியாது. என்ன செய்வார்?

முதலில் வலப்பக்கம் ஓர் அடி போய்ப் பார்க்கிறார். 4-ல் மாடு இல்லை. திரும்பி நடந்து, புறப்பட்ட இடத்தைத் தாண்டி இடப்பக்கம் 2 அடி தள்ளி நிற்கிறார். 1-லும் இல்லை. சரி, இந்த முறை வலப்பக்கம் 4 அடி, அதாவது 7 வரை போய்ப் பார்ப்போம் என்று கிளம்புகிறார். 6-ஐத் தொட்டதும் பெஸ்ஸி கிடைத்துவிடுகிறது. நடந்தது 1, 3, 5. மொத்தம் 9 அடி.

இருவரும் நிற்கும் இடங்களைக் கொடுத்தால் ஜான் எத்தனை அடி நடப்பார் என்று சொல்லும் கணினி நிரல் எழுத வேண்டும். கேள்வி இவ்வளவுதான். 2017-இல் யுஎஸ்ஏகோ போட்டியின் வெண்கலப் பிரிவில் வந்தது.

யுஎஸ்ஏகோ என்பது அமெரிக்காவின் கம்ப்யூட்டிங் ஒலிம்பியாட். பள்ளி மாணவர்களுக்கான சர்வதேச இன்ஃபர்மேடிக்ஸ் (கணினியியல்) ஒலிம்பியாட் 1989-இல் பல்கேரியாவில் தொடங்கியது. அதற்குப் போகும் அமெரிக்க அணியின் நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பது இந்தப் போட்டிதான். ஆரம்ப காலத்தில் விஸ்கான்சின் மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் டான் பீலே என்ற பேராசிரியர் நடத்திவந்தார். பால் பண்ணைகளுக்குப் பேர்போன மாநிலம் அது. வண்டிகளின் நம்பர் பிளேட்டிலேயே 'அமெரிக்காவின் பால் நாடு' என்று எழுதியிருப்பார்கள். பிற்பாடு கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் பிரையன் டீன் பொறுப்பேற்றார். கேள்விகளில் மட்டும் ஜானும் பெஸ்ஸியும் மாறவே இல்லை. இணையத்தில் எந்த நாட்டிலிருந்தும் கட்டணமில்லாமல் எழுதலாம். எல்லோரும் வெண்கலத்தில் தொடங்கி வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று ஏறிப்போக வேண்டும்.

மறுபடி இருட்டில் நிற்கும் ஜானிடம் வருவோம். அவர் ஏன் 1, 2, 4, 8 என்று தூரத்தை இரட்டித்துக்கொண்டே போகிறார்? 1, 2, 3, 4 என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் ஆகாதா? பெஸ்ஸி இடப்பக்கம் 100 அடி தள்ளி நிற்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் ஓர் அடி மட்டும் கூட்டிப்போனால், கண்டுபிடிப்பதற்குள் ஜான் 10,000 அடி நடந்திருப்பார். இரட்டித்துக்கொண்டு போனால் 354 அடியில் முடிந்துவிடுகிறது. எனக்கு முதன்முதலில் இந்த இரண்டு எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் பார்த்தபோது நம்ப முடியவில்லை. தாளில் மறுபடி கூட்டிப் பார்த்தேன்.

காரணம் எளிது. இரட்டிக்கும்போது கடைசியாக நடந்த ஒரு சுற்றே அதற்கு முன் நடந்த அத்தனை சுற்றுகளையும் விடக் கொஞ்சம் பெரியது. 64 என்பது 1, 2, 4, 8, 16, 32 எல்லாம் சேர்ந்த 63-ஐ விட ஒன்று கூட. அதனால் பழைய அலைச்சல் எவ்வளவு இருந்தாலும் கடைசிச் சுற்றின் அளவுக்குள்ளேயே அடங்கிவிடும். எவ்வளவு மோசமான இடத்தில் மாடு நின்றாலும், நேராகப் போயிருந்தால் ஆகும் தூரத்தைப் போல 9 மடங்குக்கு மேல் ஜான் நடக்க வேண்டியிருக்காது. தற்செயலை நம்பாமல் ஒரே திட்டப்படி நடக்கிற யாரும் இந்த 9-ஐக் குறைத்து உத்தரவாதம் தர முடியாது என்றும் நிரூபித்திருக்கிறார்கள். கணினியியல் ஆய்வுகளிலும் இதற்கு மாட்டுப் பாதைக் கணக்கு என்றுதான் பெயர். அங்கே தேடுவது மாடு. முடிவில்லாத வேலியில் வாசல் எங்கே என்று தேடும்.

வெண்கலப் பிரிவுக்கு இந்த நிரூபணம் எல்லாம் வேண்டாம். ஜான் நடக்கிறபடியே நிரலும் நடந்தால் போதும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு லூப், அதற்குள் இப்போதைய இடம், அடுத்துத் திரும்ப வேண்டிய இடம், இதுவரை நடந்த தூரம் என்று மூன்று எண்கள். போட்டிக்காரர்கள் இதை சிமுலேஷன் என்பார்கள். கேட்க எளிதாக இருந்தாலும் தவறு நுழைய இடம் நிறைய உண்டு. ஜான் 6-லும் மாடு 3-லும் நிற்கட்டும். 7-க்குப் போக 1 அடி, 4-க்கு வர 3 அடி, 10-க்குப் போக 6 அடி, அங்கிருந்து 3-ல் மாட்டைத் தொட 7 அடி. விடை 17. மாடு எப்போதும் வலப்பக்கம் நிற்கும் என்று மனதில் வைத்து எழுதியவரின் நிரல் இங்கே சுற்றிக்கொண்டே இருக்கும், அல்லது மாட்டைத் தாண்டிப் போய் -2 வரை எண்ணிவிடும். கேள்வியோடு தரும் மாதிரி இன்புட்டுக்கு அதே நிரல் சரியாக 9 என்று சொல்லியிருக்கும். இந்த மாதிரி நிரலைப் பிடிக்கத்தான் மறைத்து வைத்த டெஸ்ட் கேஸ்கள், அதாவது நிரலைச் சோதிக்கும் வேறு இன்புட்டுகள், இருக்கின்றன.

எல்லா மாட்டுக் கணக்கும் நடந்து பார்த்தால் தீராது. 2019 ஜனவரியில் வெண்கலப் பிரிவில் வந்த தூங்குமூஞ்சி மாடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மாடுகள் 1, 2, 4, 3 என்று வரிசையில் நிற்கின்றன. ஜான் வரிசையின் முதல் மாட்டிடம் மட்டும்தான் பேச முடியும். அதைப் பின்னால் எத்தனை இடம் வேண்டுமானாலும் தள்ளிப் போகச் சொல்லலாம். அப்புறம் புதிதாக முன்னுக்கு வந்த மாட்டிடம் பேசலாம். குறைந்தது எத்தனை தடவை பேசினால் வரிசை 1, 2, 3, 4 என்று சரியாகும்? ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்க்கத்தான் கை துடிக்கும். ஆனால் பின்பக்கத்திலிருந்து பாருங்கள். 3 கடைசியில் நிற்கிறது. அதற்கு முன்னால் 4, அதாவது வரிசை அங்கே கெடுகிறது. கெட்ட இடத்திலும் அதற்கு முன்னாலும் நிற்கிற ஒவ்வொரு மாடும் ஒரு தடவையாவது நகர்ந்தே ஆக வேண்டும். 4 நகர வேண்டுமானால் அதற்கு முன் நிற்பவை வழிவிட்டாக வேண்டுமே. அப்படி நகரும் ஒவ்வொன்றையும் சரியான இடத்தில் செருகிவிட்டால் இரண்டாவது தடவை தொட வேண்டியதில்லை. ஆகவே விடை 3. எழுத வேண்டியது ஐந்தாறு வரி. ஒரு மாட்டைக்கூட நிரல் நகர்த்தவில்லை.

எந்தக் கேள்வியை நடந்து பார்த்தே தீர்க்கலாம், எதற்கு யோசனை வேண்டும் என்று எப்படித் தெரியும்? புதிதாக வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: கதையைப் படிக்கும் முன் எண்களின் வரம்பைப் படியுங்கள். அதிகபட்சம் 100 மாடு என்றிருந்தால் ஒவ்வொரு ஜோடியையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம், மொத்தமே 10,000 தடவைதான். ஒரு லட்சம் மாடு என்றிருந்தால் அதே வேலை 1,000 கோடி தடவை ஆகிவிடும். சி++ மொழியில் எழுதிய நிரல் ஓடி முடிய வழக்கமாகத் தருவது 2 விநாடி, பைத்தானுக்கும் ஜாவாவுக்கும் 4 விநாடி. ஒரு விநாடியில் பத்துக் கோடி எளிய வேலைகள் என்பது போட்டிக்காரர்கள் மனதில் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. 1,000 கோடி அதில் ஏறாது.

வெள்ளிப் பிரிவில் 2015 டிசம்பரில் வந்த கேள்வியில் இதை நன்றாக உணரலாம். ஒரு லட்சம் மாடுகள் வரிசையாக நிற்கின்றன. ஹோல்ஸ்டீன், கெர்ன்சி, ஜெர்சி என்று மூன்று இனம். (ஜெர்சி நம் ஊர்க் கொட்டகைகளிலும் நிற்கிற மாடுதான்.) 'இந்த மாட்டிலிருந்து அந்த மாடு வரை ஒவ்வொரு இனத்திலும் எத்தனை?' என்று ஒரு லட்சம் தடவை கேட்பார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் முதலிலிருந்து எண்ணினால் அதே 1,000 கோடிதான். ஒரே ஒரு தடவை வரிசை நெடுக நடந்து, ஒவ்வொரு மாட்டின் பக்கத்திலும் 'இதுவரை ஜெர்சி இத்தனை' என்று எழுதி வைத்துக்கொண்டால்? 500-வது மாட்டின் பக்கத்தில் 180, 200-வதின் பக்கத்தில் 70 என்றிருந்தால், 201 முதல் 500 வரை ஜெர்சி 110. ஒரே கழித்தல். மின் மீட்டரில் இந்த ரீடிங்கிலிருந்து போன ரீடிங்கைக் கழித்து எத்தனை யூனிட் என்று பார்க்கிறோமே, அதே வேலைதான். ப்ரீஃபிக்ஸ் சம் என்று இதைச் சொல்வார்கள்.

கடைசியாக, இந்தியாவில் கல்லூரி பிளேஸ்மென்ட்டுக்குத் தயாராகும் பிள்ளைகள் பலரும் எங்கே பிறந்தது என்று தெரியாமலே போடுகிற ஒரு கணக்கு: முட்டும் மாடுகள். 2005-இல் யுஎஸ்ஏகோவில் வந்தது. நேர்கோட்டில் கட்டுத்தறிகள், இடங்கள் 1, 2, 4, 8, 9. மூன்று மாடுகளைக் கட்ட வேண்டும். பக்கத்தில் கட்டினால் ஒன்றையொன்று முட்டும். ஆகவே மிக நெருக்கமாக நிற்கும் இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் முடிந்தவரை அதிகமாக இருக்க வேண்டும். கட்டுத்தறிகள் ஒரு லட்சம் வரை, இடங்கள் 100 கோடி வரை போகலாம்.

எந்த மாட்டை எங்கே கட்டுவது என்று தொடங்கினால் வழியே கிடைக்காது. கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். 'இடைவெளி குறைந்தது 3 இருக்க வேண்டும், மூன்று மாடும் அடங்குமா?' இதற்கு விடை சொல்வது மிக எளிது: முதல் மாட்டை 1-ல் கட்டு, 3 தள்ளி முதலில் கிடைக்கும் தறி 4, அடுத்தது 8. அடங்கிவிட்டது. 4 இடைவெளி கேட்டால்? 1, பிறகு 8, அதற்கு மேல் 12-ல் தறி வேண்டும், இல்லை. ஆகவே விடை 3. இடைவெளி 4-க்கே இடம் இல்லை என்றால் 5, 6 எதற்கும் இருக்காது. 3-க்கு இடம் உண்டென்றால் 2-க்கும் 1-க்கும் நிச்சயம் உண்டு. அதனால் ஒவ்வொரு இடைவெளியாகச் சோதிக்க வேண்டாம். நடுவில் ஒன்றைச் சோதித்து, விடை இருக்க முடியாத பாதியைத் தூக்கிப் போட்டுவிடலாம். பைனரி சர்ச் என்பது இதுதான். 100 கோடியை இப்படிப் பாதி பாதியாக வெட்டினால் 30 வெட்டில் ஒற்றை எண்ணுக்கு வந்துவிடும். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு லட்சம் தறிகளை ஒரு தடவை நடந்து பார்க்கிறோம். மொத்தம் 30 லட்சம் அடி. 2 விநாடிக்குள் கணினி நடந்து முடித்துவிட்டு மிச்ச நேரத்தில் சும்மா இருக்கும்.