குஸ்கோவில் இறங்கியவுடன் எங்கே உறங்குவது?

தென்னமெரிக்க நாடான பெருவில், இன்கா மக்களின் பழைய மலைநகரமான மச்சு பிச்சுவைப் பார்க்கப் போவதாகச் சொல்லி ஆலோசனைக்கு வருபவர்களிடம், முதல் இரவை எந்த ஊரில் கழிக்கப் போகிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். பெரும்பாலோர் குஸ்கோ என்பார்கள். விமானம் அங்கே இறங்குகிறது, விடுதிகளும் அங்கே ஏராளம் என்பதால் பயண முகவர்கள் அப்படியே திட்டம் போட்டுத் தந்துவிடுகிறார்கள். கடலோர நகரமான லிமாவில் விமானம் ஏறுபவர், சுமார் ஒன்றரை மணி நேரத்தில் 3,400 மீட்டர் உயரத்தில் போய் இறங்குகிறார். அங்கும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு 21 விழுக்காடுதான். ஆனால் காற்றழுத்தம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைந்துபோகிறது.

அவகாசம் கொடுத்தால் உடல் இதற்குப் பழகிக்கொள்ளும். மூச்சு வேகமெடுப்பதால் இரத்தத்தில் கூடும் காரத்தன்மையைச் சிறுநீரகங்கள் சரிசெய்ய இரண்டு மூன்று நாள்கள் ஆகும். அதற்குள் அவசரப்பட்டால், வந்திறங்கிய சில மணி நேரத்தில் தலைவலி, குமட்டல், அசதி, தூக்கமின்மை ஆகியவை தொடங்கும். இதுதான் உயரநோய். பெருவில் இதைச் சொரோச்சே என்கிறார்கள். 'ஊட்டிக்குப் போனபோது ஒன்றும் ஆகவில்லையே' என்று கேட்பவர்களுண்டு. ஊட்டி 2,240 மீட்டர்தான். உயரநோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். நாள்தோறும் ஓடிப் பழகிய உடல்வலிமையும் இதற்குக் காப்பாகாது. சொல்லப்போனால், தன் உடலை நம்பி முதல் நாளே மலையேறும் இளைஞர்தான் அதிகம் அவதிப்படுகிறார்.

பகலில் எவ்வளவு ஏறினோம் என்பதைவிட இரவில் எந்த உயரத்தில் உறங்குகிறோம் என்பதே முக்கியம். உறக்கத்தில் இரத்தத்திலுள்ள ஆக்சிஜன் மேலும் குறையும். ஆகவே விமான நிலையத்திலிருந்து நேரே காரில் உருபம்பா பள்ளத்தாக்குக்கு இறங்கி, சுமார் 2,800 மீட்டர் உயரத்திலுள்ள ஓயாந்தைதாம்போவில் தங்குங்கள் என்பதே என் பரிந்துரை. இரண்டு மணி நேரப் பயணம். வழியில் சின்செரோ பக்கம் சாலை 3,700 மீட்டரைத் தாண்டினாலும், அங்கே தங்காமல் இறங்கிவிடுவதால் பெரும்பாலும் தொல்லை இருக்காது.

மருத்துவக் காரணத்துக்காக மட்டும் சகித்துக்கொள்ள வேண்டிய ஊரன்று அது. 15ஆம் நூற்றாண்டில் இன்கா மன்னர் பச்சாகுத்தி அமைத்த தெருக்களில், அன்றைய அடித்தளங்களின்மேல் எழுந்த வீடுகளில், மக்கள் இன்றும் வாழ்கிறார்கள். வாய்க்கால்களில் மலைநீர் இன்றும் ஓடுகிறது. 1537இல் பிற்கால இன்கா மன்னரான மான்கோ இன்கா ஸ்பானியப் படையை விரட்டியடித்ததும் இங்கேதான். ஊருக்கு மேலே, படிப்படியான கல்தளங்களின் உச்சியில், முற்றுப்பெறாத சூரியக் கோயிலின் ஆறு பெருங்கற்கள் நிற்கின்றன. ஆற்றுக்கு அக்கரையிலுள்ள மலைக் கல்குவாரியில் வெட்டி, பள்ளத்தாக்கைக் கடந்து கொண்டுவரப்பட்டவை அவை. முதல் நாள் தெருக்களில் மெல்ல நடப்பதோடு நிறுத்திக்கொண்டு, அந்தப் படிகளை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அங்கிருந்தே ரயிலேறி மச்சு பிச்சுவுக்குச் செல்லலாம். பலர் அஞ்சுவதற்கு மாறாக, அது 2,430 மீட்டர்தான். குஸ்கோவைவிட ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் தாழ்வு. குஸ்கோவையும் அதற்கு மேலே இருக்கும் சாக்சாய்வமான் கோட்டையையும் கடைசியாகப் பார்ப்பது நல்லது. 4,200 மீட்டர் கணவாயைக் கடக்கும் இன்கா நடைவழியையும், 5,000 மீட்டரைத் தொடும் வானவில் மலையையும் முதல் மூன்று நாள்களுக்குள் திணிக்கும் பயணத் திட்டத்தை மாற்றச் சொல்லுங்கள்.

அசிட்டசோலமைடு மாத்திரை தடுப்புக்கு உதவும். வழக்கமாக 125 மில்லிகிராம், நாளுக்கு இருவேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து தொடங்குவோம். விரல்கள் மதமதக்கும், சிறுநீர் அதிகம் பிரியும், சோடா சப்பென்றிருக்கும். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லாமல் வாங்கக் கூடாது. முதல் நாள்களில் மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம். விடுதிகளில் தரும் கோக்கா இலைத் தேநீர் நோயைத் தடுக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்றில்லை. ஒரு கோப்பை குடித்தாலும் சிறுநீர்ச் சோதனையில் கொக்கெய்ன் தடயம் தெரியக்கூடும் என்பதால், பணியிடத்தில் போதைச் சோதனைக்கு உட்படும் கப்பல் ஊழியர் போன்றோர் தவிர்ப்பது நல்லது. அந்த இலையை இந்தியாவுக்குக் கொண்டுவருவது குற்றம்.

தள்ளாடி நடப்பது, பேச்சு குழம்புவது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இளஞ்சிவப்பு நுரையோடு இருமுவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. விடுதியிலுள்ள ஆக்சிஜன் உருளையால் தற்காலிகமாகத் தெளிவு வந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். குஸ்கோவிலிருந்து பள்ளத்தாக்குக்குச் செல்லும் சாலை முதலில் மேலே ஏறித்தான் இறங்குகிறது. ஆகவே இத்தகைய நோயாளியை ஆக்சிஜன் இல்லாமல் வாடகைக் காரில் அங்கே அனுப்புவது ஆபத்து. எவ்வளவு தாழ்வான இடத்துக்கு, எப்படி இறக்குவது என்பதை மருத்துவமனையே முடிவு செய்யட்டும்.