பச்சைக் காய்க்குள் நீளும் இழை

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி பக்கமெல்லாம் கேரளம்தான். ஆனால் வீட்டுப் பேச்சு தமிழ், மண் பருத்தி விளைகிற கரிசல். பூத்து இரண்டு வாரமான பருத்திக் காயைக் கீறிப் பாருங்கள். பஞ்சு இருக்காது. ஈரம் சொட்ட, பளபளவென்று வெள்ளைச் சுளைகள்தான் இருக்கும். இழை எவ்வளவு நீளம் வரும் என்பது இந்த நாட்களில்தான் முடிவாகிறது.

ஒரு பஞ்சு இழை என்பது ஒரே ஒரு செல். விதையின் மேல்தோலில் ஏறக்குறைய நாலில் ஒரு செல், பூ விரியும் நாளில் புடைக்கத் தொடங்குகிறது. சுமார் 20 நாட்களில் 3 சென்டிமீட்டர் வரை நீண்டுவிடும். அகலத்தைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல்!

தள்ளுவது உள்ளிருக்கும் நீரின் அழுத்தம். சுவர் அதற்கு இளகிக் கொடுக்கவேண்டும், கிழியவும் கூடாது. அந்த வயதில் சுவர் மிக மெல்லியது. அதில் இருப்பவை செல்லுலோஸ், பெக்டின், ஹெமிசெல்லுலோஸ் என்ற மூன்று நீள்சங்கிலிச் சர்க்கரைப் பொருள்கள், அப்புறம் கொஞ்சம் கிளைக்கோபுரதம், அதாவது சர்க்கரை சேர்ந்த புரதம்.

அளவில் கொஞ்சம்தான், ஆனால் நான் வியந்து பார்ப்பது அதைத்தான். கிளைக்கோபுரதங்களில் ஒரு வகையான அராபினோகேலக்டான் புரதங்களை எடுத்துக்கொள்வோம். புரதச் சங்கிலியில் உள்ள புரோலின் என்ற அமினோ அமிலம், ஹைட்ராக்சிபுரோலினாக மாறுகிறது. பிறகு செல்லுக்குள் புரதங்களைப் பக்குவப்படுத்தும் கால்கி உறுப்பில், அதன்மேல் கேலக்டோஸ், அராபினோஸ் என்ற சர்க்கரைகள் கிளைகிளையாக ஏறுகின்றன. முடிவில் எடையில் பத்தில் ஒன்பது பங்கு சர்க்கரையாகவே இருக்கும். இவற்றில் பல, ஒரு முனையில் உள்ள கொழுப்புப் பகுதியால் செல் சவ்வில் பிடித்துக்கொண்டு, சர்க்கரைக் கிளைகளைச் சுவர்ப்பக்கம் நீட்டி நிற்கின்றன. யாரிவ் என்ற செந்நிறச் சாயம் இவற்றோடு ஒட்டும் என்பதால் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிப்பது எளிது.

இந்த வகையில் ஒரு புரதத்துக்கான மரபணு ஜிஎச்எஃப்எல்ஏ1. அதை மட்டுப்படுத்திய பருத்திச் செடியில் இழை குட்டையானது, முதல்நிலைச் சுவரின், அதாவது நீளும் வயதில் இருக்கும் அந்த மெல்லிய சுவரின், சேர்மானமும் மாறியது. கூடுதலாக வேலை செய்யவைத்த செடியில் இழை நீண்டது.

நீளும் வேகம் தணியும்போதே இரண்டாம் சுவர் படியத் தொடங்கும். அது கிட்டத்தட்ட முழுக்கச் செல்லுலோஸ். காய் வெடித்து ஈரம் வற்றியதும் இழை தட்டையாகி முறுக்கிக்கொள்ளும். நூற்கும்போது இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள இந்த முறுக்கு உதவுகிறது.

முதலில் சொன்ன ஊர்கள் இருக்கும், ஆழியாற்றுத் தண்ணீரை எதிர்பார்த்திருக்கும் சித்தூர் வட்டாரத்தில் இந்தக் கணக்கு முக்கியம். பூத்த பிறகு வரும் மூன்று வாரத்தில் செடி கடுமையாக வாடினால் இழை குட்டையாகும். பிற்பாடு பாய்ச்சும் தண்ணீர் சுவர் தடிக்க உதவலாம், ஆனால் நின்றுபோன நீளத்தை அது கூட்டாது.