ஆப்சனின்: தமிழில் இரையாக்கி

நோய் எதிர்ப்பாற்றல் பற்றிய பாடங்களில் ‘ஆப்சனின்’, ‘ஆப்சோனைசேஷன்’ என்ற சொற்களை அப்படியே ஒலிபெயர்த்து எழுதிவிடுகிறோம். மாணவர்களும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால் அந்த ஒலியில் இருந்து பொருள் எதுவும் கிடைப்பதில்லை.

கிருமியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, வெள்ளையணுக்கள் அதை எளிதாகப் பிடித்து விழுங்க வழிசெய்யும் புரதம்தான் ஆப்சனின். 1903இல் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் ஆய்வு செய்த ஆல்ம்ராத் ரைட், ஸ்டூவர்ட் டக்ளஸ் இருவரும் வைத்த பெயர் இது. கிரேக்கத்தில் ‘ஆப்சன்’ என்றால் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் கறி. அதன் வழியே லத்தீனுக்குப் போன ‘ஆப்சோனோ’ என்ற வினைக்கு, உணவை ஆயத்தம் செய்து தருகிறேன் என்று பொருள்.

அப்போது மருத்துவ உலகில் பெரிய வாதம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. கிருமியை அழிப்பது அதை விழுங்கும் வெள்ளையணுக்களான விழுங்கு செல்களே என்றார் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த இலியா மெச்னிகோவ். இல்லை, இரத்தத்தின் நீர்ப்பகுதியில் கரைந்திருக்கும் பொருள்களே என்றது ஜெர்மனியில் வலுவாக இருந்த இன்னொரு அணி. ரைட்டும் டக்ளஸும் கழுவி எடுத்த வெள்ளையணுக்களைக் கிருமிகளோடும் சீரத்தோடும் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) கலந்து, உடல் வெப்பத்தில் சற்று நேரம் வைத்து, ஒவ்வொரு அணுவும் எத்தனை கிருமிகளை விழுங்கியிருக்கிறது என்று நுண்ணோக்கியில் எண்ணினார்கள். சீரம் இருந்தால் விழுங்குதல் நன்றாக நடந்தது. சீரத்தைச் சூடாக்கிவிட்டால் வெகுவாகக் குறைந்தது. அதைவிட முக்கியமானது, சீரம் வெள்ளையணுவைத் தூண்டவில்லை, கிருமியைத்தான் மாற்றுகிறது என்று அவர்கள் காட்டியது. இரண்டு அணி சொன்னதிலும் உண்மை இருந்தது. 1908இல் மெச்னிகோவும் எதிரணியின் பால் எர்லிக்கும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

சூடுபட்டால் செயலிழக்கும் அந்தப் பொருள் பெரும்பாலும் காம்ப்ளிமென்ட் எனப்படும் நிரப்புப் புரதத் தொகுதியைச் சேர்ந்தது என்பது இன்று தெரியும். இத்தொகுதியில் 30க்கும் மேற்பட்ட புரதங்கள் உண்டு. பலவற்றைக் கல்லீரல் உண்டாக்குகிறது. நடுநாயகமானது சி3 என்ற புரதம். அது பிளவுபட்டதும் உள்ளே மறைந்திருந்த ஒரு வேதிப்பிணைப்பு வெளிப்படுகிறது. சி3பி என்ற பெரிய துண்டு, நொடியில் மிகச் சிறு பகுதிக்குள் அருகிலுள்ள பரப்பில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாவிட்டால் நீரோடு வினைபுரிந்து வீணாகிவிடும். நம் சொந்த செல்களில் இதைத் தடுக்கும் புரதங்கள் இருக்கின்றன, கிருமியில் பொதுவாக இல்லை. அப்புறம், நியூட்ரோஃபில், மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்களின் பரப்பில் உள்ள ஏற்பிகள் (பற்றும் புரதங்கள்) அந்தத் துண்டைப் பற்றிக்கொள்கின்றன. கிருமியை அடையாளம் கண்டு ஒட்ட உடல் உண்டாக்கும் ஐஜிஜி வகை எதிர்ப்பொருள் என்ற புரதமும் இதே வேலையைச் செய்கிறது. இரண்டும் சேர்ந்து ஒட்டியிருந்தால் பிடி இன்னும் இறுகும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘தொடுகறி’ வேருக்கு நெருக்கமானதுதான், ஆனால் பாடநூலில் குழப்பும். ‘சுவையூட்டி’ தவறான எண்ணத்தைத் தரும்: வெள்ளையணு சுவை பார்ப்பதில்லை, ஏற்பியால் பற்றுகிறது. ‘விழுங்கத்தூண்டி’ என்றால் வெள்ளையணு தூண்டப்படுவதாகத் தோன்றும். அந்த ஆய்வு காட்டியது அதையல்ல.

என் தேர்வு ‘இரையாக்கி’. மாற்றம் கிருமியில் நடக்கிறது, உண்பவர் வேறு ஒருவர் என்ற இரண்டு செய்தியும் அதில் இருக்கின்றன. வேர்ச்சொல்லின் ‘ஆயத்தம் செய்து தருதல்’ என்ற பொருளும் கெடவில்லை. ஆப்சோனைசேஷன் என்ற செயலை இரையாக்கம் என்று சொல்லிவிடலாம். தமிழ்நாட்டின் ‘விழுங்கு செல்’, இலங்கையின் ‘தின்குழியம்’ இரண்டோடும் சேர்ந்து நிற்கும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்க்கலாம்: ‘நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமியின் மேலுறை, விழுங்கு செல்லின் பிடிக்கு எளிதில் சிக்காது. அதற்கான தடுப்பூசி, அந்த மேலுறையில் ஒட்டும் இரையாக்கி எதிர்ப்பொருள்களை உடல் உண்டாக்கும்படி செய்கிறது.’