ஸ்பின்னர்: கறங்குபடை

ரோபோச் சண்டைப் போட்டிகளில் 'ஸ்பின்னர்' என்பது, கனத்த எஃகுத் தகட்டையோ தண்டையோ உருளையையோ மோட்டாரால் சுழலவிட்டு எதிரியைத் தாக்கும் ஆயுத அமைப்பைக் குறிக்கும். ஆங்கிலத்தில் இதன் வேர்ச்சொல் நூல் நூற்பதையே முதலில் குறித்தது. சுழலுதல் என்ற பொருள் பிறகு வந்து சேர்ந்தது. கோவையை அடுத்த பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழருக்கு 'ஸ்பின்னிங்' என்றாலே நூற்பாலைதான் நினைவுக்கு வரும். ஆகவே தமிழாக்கும்போது சொல்லின் வேரைவிட ஆயுதத்தின் செயலைப் பார்ப்பதே முறை.

அந்தச் செயல் ஆற்றலைச் சேமித்து ஒரே நொடியில் கொட்டுவது. சுழல்வேகம் இரட்டித்தால் தகட்டில் சேரும் ஆற்றல் நான்கு மடங்காகும். ஆனால் வேகம் மட்டும் கூடினால் போதாது: தகட்டின் விளிம்பில் துருத்தி நிற்கும் ஒரு பல் கடந்து அடுத்த பல் வருவதற்குள் எதிரி எவ்வளவு உள்ளே நுழைகிறதோ அவ்வளவுதான் கடி விழும், இல்லையேல் பல் உரசிக்கொண்டு போய்விடும். அதனால்தான் பலர் தகட்டில் ஒற்றைப் பல் மட்டும் வைத்து, மறுபுறம் எடை கொடுத்துச் சமன் செய்கிறார்கள். தகடு செங்குத்தாகச் சுழன்றால் எதிரியை மேலே தூக்கி எறியும்; ஆனால் வேகமாகத் திரும்பும்போது தன் சக்கரமே ஒரு பக்கம் தரையை விட்டு எழும். 1995-இல் சான்பிரான்சிஸ்கோவில் களமிறங்கிய 'பிளெண்டோ' என்ற ரோபோவுக்கு மேலோடு முழுவதுமே சுழலும் ஆயுதமாக இருந்தது.

இதற்குச் 'சுழலி' என்றால் யாருக்கும் புரியும், தவறும் இல்லை. ஆனால் மின்விசிறியும் சுழலிதான். எனக்குப் பிடித்தது 'கறங்குபடை'. கறங்குதல் என்றால் சுழலுதல், ஒலித்தல் ஆகிய இரண்டும். பறை கறங்கியதைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. முழு வேகத்தில் ஓலமிட்டுச் சுழலும் ஆயுதத்துக்கு இரு பொருளும் பொருந்துகின்றன. படை என்பதற்கோ ஆயுதம் என்ற பொருள் பழையது. தமிழ்ப் பேச்சில் இன்று அரிதாகிவிட்ட இந்தக் கறங்கு, மலையாளத்தில் அன்றாடச் சொல்; அங்கே மின்விசிறி 'கறங்ஙுன்னு' என்பார்கள். இருமொழியும் பேசும் எல்லைப்புற மாணவர்கள் இதைப் பொருள் கேட்காமலே புரிந்துகொள்வார்கள். தகடு படுத்துச் சுழல்வதைக் கிடைக்கறங்கு என்றும், நிமிர்ந்து சுழல்வதைக் குத்துக்கறங்கு என்றும் பிரிக்கலாம். உருளை வடிவத்தை உருளைக்கறங்கு என்றும், பிளெண்டோ வகையை ஓட்டுக்கறங்கு என்றும் வழங்கலாம்.